இரவல் காணியில் மரம் நடலாமா?

அண்மைய ஆண்டுகளில் கார்த்திகை மாதம் வந்ததும் நல்லூர் முத்திரைச் சந்தியை அண்டிய சங்கிலியன் பூங்காவில் தமிழ்த் தேசியப் பசுமை இயக்கத்தினர் “கார்த்திகை வாசம்” என்னும் பெயரில் மலர்க் கண்காட்சி நடாத்தி வருவதை எமது வாசகர்கள் அறிவர். குடாநாட்டின் நாற்றுமேடைக்காரர் பலர் அங்கே கூடுகின்றனர். பூங்கன்றுகளும் பழமரக் கன்றுகளும் விற்பனைக்கு வருகின்றன. விளக்கீட்டுக்கும் நத்தாருக்கும் பொங்கலுக்கும் வீட்டு முற்றத்தைத் திருத்த எண்ணுவோர் குடும்பமாகச் சென்று கன்று வாங்கி வருகின்றனர். வடக்கு மாகாண சபை 2013 தொடக்கம் 2018 வரை இயங்கிய காலத்தில் கார்த்திகை மாதம் மரநடுகை மாதமாக அறிவிக்கப்பட்டது. அப்போது மாகாண விவசாய அமைச்சராக இருந்த பொ. ஐங்கரநேசன் அவர்களே இவ்வியக்கத்தை வழிநடத்துகின்றார். சபை இல்லாமற் போன பின்னரும் அந்த மாதத்தை இவர்கள் கைவிடவில்லை என்பது பாராட்டுக்குரியது.

மாதத் தெரிவும் சரியானதே. எமக்கு ஆறில்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே வடகீழ்ப் பருவக்காற்றுடன் கொட்டித் தீர்ந்துவிடும். சுண்ணக்கல்லின் மேலுள்ள செம்பாட்டு மண் அம்மழையை உறிஞ்சிக் கிணற்றுக்கு அனுப்புகிறது. கார்த்திகையில் வைத்த கன்று சித்திரை வெயிலுக்கு முன்னர் வேரை ஆழத்தில் விட்டுவிடும். தையில் வைத்த கன்றுக்கு நாளாந்தம் வாளி சுமக்க வேண்டும்.

ஆனால் இச்சஞ்சிகையைக் கையிலெடுப்போரிற் பலர் 1990 ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். பலாலி விமான நிலையத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சூழ்ந்த உயர் பாதுகாப்பு வலயத்தின் காணிகள் 2010க்குப் பின்னரும், சிறப்பாக 2015க்குப் பின்னரும், பகுதி பகுதியாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் கிடைத்தது. இன்னும் ஒரு பகுதி கிடைக்கவில்லை. கிடைத்த காணியிலும் கிணறு தூர்ந்து, எல்லைக்கல் தெரியாமல், வீடிருந்த இடம் பற்றையாகக் கிடப்பதால் உடனே குடியேற முடியாதவர்கள் உளர். இவர்கள் உறவினர் வளவிலும் ஆலயக் காணியிலும் அயலாரின் இரவற் காணியிலும் காலத்தைக் கழிக்கின்றனர். அப்படியான குடும்பமொன்று சங்கிலியன் பூங்காவில் ஒரு ஒட்டுமாங்கன்றைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு ஒரு ரோசாச் சாடியுடன் வீடு திரும்பினால் அதிற் காரணம் உண்டு. சாடியைத் தூக்கிக்கொண்டு போகலாம். மாமரத்தைத் தூக்க முடியாது.

இங்கேதான் மரநடுகை மாதத்தைப் பற்றி எமது அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம். மரம் நடுவதற்குக் கன்று மட்டும் போதாது. நடுகிறவனுக்கும் நிலத்துக்கும் இடையில் ஏதோ ஒரு உறுதிப்பாடு வேண்டும். அந்த உறுதிப்பாட்டைத் தேடிக் கொடுக்காமற் கன்று விநியோகித்தால் அது மதில் கட்டிய வீட்டாருக்கே போய்ச் சேரும். அதேவேளை காணி திரும்பும் வரை எதையும் நடமாட்டோம் என்று காத்திருப்பதையும் நாம் ஏற்கவில்லை. 1990இல் கைக்குழந்தையாக வந்தவர் இன்று முப்பத்தைந்தைக் கடந்துவிட்டார். அந்தக் காலத்துள் ஒரு பலா இரண்டு தலைமுறைக்குக் காய்த்திருக்கும்.

காணிக்காரரின் பயத்தை முதலிற் பார்ப்போம். இது வீண் பயமல்ல. இலங்கையின் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி ஒருவர் பிறரின் காணியை எவருக்கும் கட்டுப்படாமல், உரியவரின் உரிமைக்கு எதிராக, இடையறாது பத்தாண்டுகள் ஆண்டால் அதன்மேல் உரிமை கோரலாம். “மரம் நட்டான், பிறகு வேலி போட்டான், பிறகு வழக்குப் போட்டான்” என்ற கதை ஊருக்கு ஊர் உண்டு. மேற்கு ஆபிரிக்காவின் பல பகுதிகளிலும் இதுவே வழக்கம். இரவலாக நிலம் பெற்றவர் சோளமோ கச்சானோ விதைக்கலாம், மரம் நடக்கூடாது. மரம் நட்டால் நிலம் தன்னுடையது என்று சொல்வதாகக் கொள்வார்கள். எங்கள் வளவுக்காரரும் வாய் திறந்து சொல்லாமல் அதையே நினைக்கின்றனர்.

ஆனால் அதே சட்டத்தில் இதற்கு மாற்றும் உண்டு. உரியவரின் அனுமதியுடன் குடியிருப்பவருக்குப் பத்து வருடமென்ன, இருபது வருடம் இருந்தாலும் அந்த இருப்பால் மட்டும் ஆட்சியுரிமை பிறப்பதில்லை. ஆகவே அனுமதியை எழுதி வைத்தால் முதலிற் பாதுகாப்புப் பெறுபவர் காணிக்காரரே. இன்னாரின் இன்ன காணியில் இன்னார் அவரது அனுமதியுடன் இருக்கிறார், இன்ன திகதியில் இத்தனை கன்று வைக்கிறார், கன்று யார் வாங்கியது, காய்க்கும்போது யாருக்கு எவ்வளவு, குடும்பம் ஊர் திரும்பும்போது மரம் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு இரண்டு சாட்சிகள் வைத்தால் போதும். நொத்தாரிசு முன் முடிக்காத கடதாசி காணியில் எந்த உரிமையையும் கொடுக்காது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காணிக்காரரின் மனதை ஆறவைக்க அதுவும் உதவும். கூடுதல் பலம் வேண்டுமென இரு பகுதியாரும் நினைத்தால் நொத்தாரிசிடம் போகட்டும்.

பங்கு பிரிப்பது எமக்குப் புதிதுமல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களைத் திரட்டியபோது பிறர் நிலத்தில் மரம் வைப்பவரின் பங்கையும் எழுதி வைத்தார். பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரியென ஒப்புக்கொண்ட அந்தத் தேசவழமையில் கன்றைக் கொண்டு வந்தது நட்டவரா நிலத்துக்குரியவரா என்பதைப் பொறுத்துப் பலனின் பங்கு மாறுகிறது. அதைக் கொண்டு இன்று வழக்காடும்படி நாம் சொல்லவில்லை. இரவல் நிலத்தில் மரம் வைப்பதும் பலனைப் பகிர்வதும் முந்நூறு வருடங்களுக்கு முன்னரே இந்த மண்ணில் மதிப்பான ஏற்பாடாக இருந்தது என்பதையே காட்டுகிறோம்.

நல்லூர்ப் பக்கத்துக் காணிக்காரருக்கு இன்னொன்றையும் நினைவூட்டலாம். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, மழைக்குள், வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு எழும்பியது. நல்லூரும் எழும்பியது. அன்று சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் வளவுகளைத் திறந்து விட்டவர்கள் உறுதி கேட்கவில்லை.

இனி நடுகிறவரின் பயம். காய்க்கிற நேரத்தில் எழுப்பிவிடுவார்களோ என்பது ஒன்று. அதற்கு மேற்சொன்ன தாள் ஓரளவுக்கு உதவும். இதைவிட ஆழமானது மற்றையது. இங்கே மரம் வைத்தால் ஊரை விட்டுக்கொடுத்ததாகிவிடும், “அவர்கள் இங்கேயே ஊன்றிவிட்டார்கள்” என்று சொல்லி எங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்ற எண்ணம். வயதான கமக்காரரிடம் இது வைராக்கியமாகவே இருக்கிறது. இதைக் குறை கூற எமக்கு மனமில்லை.

ஆயினும் எரேமியாவின் ஆகமத்தை அவர்கள் மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டும். பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்ட மக்களுக்கு அவர் எழுதிய கடிதம் 29ஆம் அதிகாரத்தில் உண்டு. அந்நிய மண்ணில் வீடு கட்டித் தோட்டம் வைத்து அதன் கனியை உண்ணும்படி சொல்கிறார். 32ஆம் அதிகாரத்தில் அதே எரேமியா, எருசலேம் முற்றுகையில் இருக்கும்போது, தன் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு வயலைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, உறுதியை எழுதி முத்திரையிட்டுச் சாட்சி வைத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைப்பிக்கிறார். இரவல் மண்ணில் தோட்டம், சொந்த மண்ணுக்கு உறுதி. இரண்டையும் ஒரே மனிதர் ஒருசேரச் சொன்னார். அவருக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. (உறுதி தொலைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். உறுதி இலக்கமும் முடித்த நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அது தெரியாதவர்கள் காணியின் பெயரையும் எல்லைகளையும் முதியவர்களிடம் கேட்டு இப்பொழுதே எழுதி வையுங்கள். அவர்கள் போன பின் கேட்க ஆளிருக்காது.)

எதை நடுவது? எந்தக் காணிக்காரரும் மறுக்காத மரம் கதியால். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை எல்லாம் மாரி ஈரத்தில் வெட்டி ஊன்றினால் தளிர்க்கும். வேலி அவருக்கு, குழையும் ஆட்டுத் தீனும் உங்களுக்கு. நாலடி முருங்கைத் தடியும் இப்படியே வேலியோரம் ஏறும். அடுத்த வருடமே காய் பறிக்கலாம். பப்பாசி பத்து மாதத்தில் பழம் தரும், ஆனால் நீர் தேங்கினால் அடி அழுகும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வெள்ளம் நின்ற இடங்களை நினைவில் வைத்து மேட்டில் வையுங்கள். வாழை ஒரு வருடக் கணக்கு. மணற்பாங்கான மூலை கிடைத்தால் பனம்பாத்தி போடலாம்; மூன்று நாலு மாதத்திற் கிழங்கைக் கிண்டி எடுத்துவிட்டால் நிலம் பழையபடி வெறுமையாகிவிடும். தேசி, மாதுளை, கறிவேப்பிலை ஆகியவற்றைப் பழைய வாளியிலோ உரப்பையிலோ வளர்க்கலாம். பெயரும்போது அவையும் கூட வரும்.

கறுத்தக்கொழும்பானையும் அம்பலவியையும் பற்றி ஒரு வார்த்தை. விடுபட்ட காணியைப் பார்க்கச் செல்வோர் அங்கே தப்பி நிற்கும் பழைய மாவொன்றைக் கண்டால் கண்கலங்கிவிட்டு வெறுங்கையுடன் திரும்ப வேண்டாம். ஒட்டுக்கிளை வெட்டி ஈரச் சாக்கிற் சுற்றி அன்றைக்கே நாற்றுமேடைக்காரரிடம் கொடுங்கள். ஒட்டிய கன்றைப் பெரிய பையில் மாற்றி மாற்றி இரண்டு வருடம் வைத்திருக்கலாம். ஊர் திரும்பும் நாளில் உங்கள் வளவின் மாமரமே உங்களுடன் திரும்பும்.

கண்காட்சிக்குப் பெயர் கொடுத்த பருவத்தின் பூவான கார்த்திகைப்பூவையும் வேலியில் ஏற்றலாம். தமிழ்நாட்டில் அதை மருந்துப் பயிராக, விதைக்காகத் தோட்டம் வைக்கின்றனர். ஆனால் அதன் கிழங்கு கடும் நஞ்சு. வற்றாளைக் கிழங்கென எண்ணி உண்டு இறந்தவர்கள் இந்நாட்டில் உண்டு. சிறுபிள்ளைகள் மண் கிண்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஏற்பாட்டாளரிடம் எமது வேண்டுகோள் பெரிதல்ல. கண்காட்சி நடக்கும் நாட்களில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு, நாம் மேலே சொன்ன அனுமதித் தாளின் மாதிரியை அச்சடித்து வைத்து, விளங்கிய ஒருவரை இருத்துங்கள். ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர் எவரும் முன்வருவார். மற்றது, நட்ட கன்றைவிடப் பிழைத்த கன்றை எண்ணுங்கள். கென்யாவில் வங்காரி மாத்தாய் அம்மையார் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டி இயக்கத்தில் கிராமப் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தனர். உயிர் தப்பிய கன்றுக்கே அந்தக் கொடுப்பனவு. அவருக்கு 2004இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. எமது இடத்திற் கன்று நடும் படம் பத்திரிகையில் வருகிறது. அடுத்த வாரம் ஆடு வந்து போவதை எவரும் படமெடுப்பதில்லை.

திருச்சபைகளையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. எமக்கும் காணிகள் உண்டு, அவற்றிற் பல வருடங்களாகக் குடும்பங்கள் இருக்கின்றன, மரம் நடலாமா என்று அவர்கள் கேட்டால் “சபையிற் கேட்டுச் சொல்கிறோம்” என்பதே பெரும்பாலும் பதில். பிறரிடம் எழுத்துக் கேட்கும் நாம் முதலில் எமது காணிகளில் இருப்போருக்கு அந்தத் தாளைக் கொடுக்க வேண்டும். திருவருகைக் காலம் தொடங்கும் ஞாயிறுக்கு முன்னர் அதைச் செய்ய முடியும். நத்தார் மரத்துக்கெனச் சவுக்கங்கிளை வெட்டும் வழக்கத்தையும் இவ்வருடம் சற்று மறுபரிசீலனை செய்யலாம். பையில் நிற்கும் ஒரு தேசிக்கன்றுக்கு வெள்ளிக் கடதாசி சுற்றிப் பாலன் குடிலருகே வைத்தாற் பிள்ளைகள் கோபிக்க மாட்டார்கள். பண்டிகை முடிய அதை ஞாயிறு பாடசாலைப் பிள்ளையொன்று வீட்டுக்குக் கொண்டு போகட்டும். மாரி ஈரம் அதற்குள் வற்றிவிடாது.