‘நடக்காது’ என்று சொல்பவர் யார்?

அரசியலில் ஒரு பழைய ஆயுதம் உண்டு. எதிரே நிற்பவனைத் திருடன் என்றோ பொய்யன் என்றோ சொல்ல வழியில்லாதபோது, ‘இவன் சொல்வதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று கேட்டுவிடுவது. கேட்பவர் பதவி பார்த்த பெரிய மனிதர், கேட்கப்படுபவன் புதியவன். அதோடு விவாதம் முடிந்ததென்று நினைக்கிறார்கள். முடிகிறதா?

அமெரிக்காவைப் பாருங்கள். நம் நாட்டில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். தொண்டனுக்குப் போஸ்டர் ஒட்டும் வேலை. அங்கே கட்சிக்குள்ளேயே வாக்கெடுப்பு நடத்தி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குப் பிரைமரி என்று பெயர். மோதுகிற இருவரும் ஒரே கட்சி. ஆகவே, ‘உன் ஆசை நல்ல ஆசைதான், ஆனால் நடக்காது’ என்ற வாதம் அங்கே தாராளமாகப் புழங்குகிறது.

2016 ஜனவரியில் ஹிலாரி கிளின்டன் அதைத்தான் சொன்னார். அனைவருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு என்ற பெர்னி சாண்டர்ஸின் திட்டம் ஒருநாளும் நிறைவேறாது என்றார். சில நாட்களில் அயோவா மாநிலத்தில் கால் சதவீத வித்தியாசத்தில்தான் தப்பினார். அடுத்த வாரம் நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸுக்கு 60 சதவீத வாக்கு!

கடைசியில் ஹிலாரிதானே வென்றார் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவரைக் கரைசேர்த்தது இந்த வாதமா? இல்லை. தென் மாநிலங்களின் கறுப்பின மக்களோடு அவருக்கிருந்த நெடுநாள் உறவு. 2020-இல் சாண்டர்ஸ் மறுபடியும் தோற்றார். அப்போது எடுபட்டது ‘செய்ய முடியாது’ என்ற பேச்சல்ல. ‘இவரால் டிரம்பை ஜெயிக்க முடியாது’ என்ற அச்சம். இரண்டும் ஒன்றல்ல.

இனி 2025-க்கு வருவோம். நியூயார்க் மேயர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் பிரைமரி. ஒருபுறம் பத்தாண்டு மாநில கவர்னராக இருந்து, பாலியல் புகார்களால் 2021-இல் பதவி விலகிய ஆண்ட்ரூ குவோமோ. மறுபுறம் 33 வயது சோரான் மம்தானி. வாடகையை உயர்த்தக்கூடாது, பஸ்ஸில் கட்டணம் கூடாது, குழந்தைக் காப்பகம் எல்லோருக்கும் இலவசம் என்றார். ‘அனுபவமில்லாத பிள்ளை, ஆகாத பேச்சு’ என்று எதிர்த்தரப்பு விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் டாலரைக் கொட்டியது. ஜூன் 24 வாக்கெடுப்பின் இறுதிச் சுற்றில் மம்தானிக்கு 56 சதவீதம். நவம்பரில் மேயர் தேர்தலிலும் அவரே வென்றார்.

ஏன் எடுபடவில்லை? ‘ஆகாது’ என்றவை முன்பே ஆனவை! வாடகைக் கட்டுப்பாடுள்ள வீடுகளுக்கு 2015, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் ஓராண்டு ஒப்பந்த வாடகை ஒரு காசும் ஏற்றப்படவில்லை. 2023-இல் ஐந்து பஸ் தடங்கள் சோதனையாகக் கட்டணமின்றி ஓடின. 2021-இல் கடனில் மூழ்கிய டாக்சி ஓட்டுநர்கள், பிழைக்க வந்த நம்மைப் போன்றவர்கள், 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மம்தானியும் உடன் அமர்ந்தார். நகராட்சி ஜாமீன் நின்றது, கடன் குறைந்தது. அதுவும் நடக்காத காரியம் என்று சொல்லப்பட்டதுதான்.

இதனால் கணக்கே கேட்கக்கூடாது என்பதல்ல. பணக்காரர் மீது வருமான வரி கூட்ட மேயரால் மட்டும் ஆகாது. மாநில அரசு சம்மதிக்க வேண்டும். அதைக் கேட்பது நியாயம். ‘பணம் எங்கே, கையெழுத்து யாருடையது?’ என்பது கேள்வி. ‘கனவு காண்கிறான்’ என்பது வெறும் ஏளனம். கேள்விக்கு வேட்பாளர் பதில் சொல்லியாக வேண்டும். ஏளனத்துக்கோ வாக்காளரே பதில் சொல்லிவிடுகிறார். ஏனென்றால் அது வேட்பாளரை மட்டுமா குத்துகிறது? வாடகை கொடுத்து முடியாதவனைப் பார்த்து, ‘உன் தேவை அதிகப்படி’ என்கிறது. அதுவும் யார் சொல்வது? இத்தனை காலம் ஆண்டு, அந்த வாடகையை ஏறவிட்டவர்!

தோழர்களே, சங்கத் தேர்தலானாலும் நகராட்சித் தேர்தலானாலும், ‘நடக்காது’ என்று ஒருவர் சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். ஏன் நடக்காது? நீங்கள் நடத்திக் காட்டியது என்ன? முதல் கேள்விக்குக் கணக்கோடு பதில் வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். இரண்டாவதற்கு மௌனம்தான் பதிலென்றால், வாக்கை யாருக்குப் போடுவதென்று உங்களுக்கே தெரியும்.