அலாரம் வயரைப் பிடுங்காதே! கோளாறைச் சரி செய்!

விவசாயப் பெருங்குடி மக்களே!

குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் சேர்ந்து வருவது டெல்டாவுக்குப் புதுசல்ல. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பி விடுகிறார்கள். 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை தளர்வு வந்தது, அதுவும் கேட்டுக் கேட்டுத்தான். களத்தில் காயவைக்க வெயில் இல்லாமல் வாடகைக்கு கேஸ் டிரையரைக் கூப்பிடுகிறோம்.

அங்கேயும் நமக்குத்தான் நட்டம்! சூடு மிஞ்சி அலாரம் அடித்தால் என்ன செய்கிறார்கள்? வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறார்கள். நெல் கெட்டால், "உங்க நெல்லுதான் சரியில்ல" என்று பழி நம் தலையில்!

அலாரம் சும்மா அடிக்காது. பதரும் தூசியும் சல்லடையை அடைத்தால் காற்று போகாது. புளோயர் பெல்ட் தளர்ந்தால் காற்று குறையும். வைக்கோல் கூளம் சிக்கினால் நெல் இறங்காமல் ஒரே இடத்தில் நின்று வேகும். ரெகுலேட்டரில் கேஸ் அழுத்தம் கூடினால் தீ மிஞ்சும். சென்சாரே பழுதாகவும் இருக்கலாம். எதுவானாலும் பார்த்துச் சரி செய்யாமல் ஓட்டக்கூடாது.

அதிகச் சூட்டில் அரிசிக்குள் வெடிப்பு விழும், அரைத்தால் நொய்தான் மிஞ்சும். விதை நெல்லில் சூடு 43 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு கெடும். பதர் தீப்பிடித்தால் நெல்லோடு ஆளும் போவான்!

அலாரம் அடித்தால் முதலில் கேஸை மூடச் சொல்லுங்கள். சூடு இறங்கும்வரை புளோயர் ஓடட்டும். ஆனால் புகையோ தீயோ தெரிந்தால் புளோயரையும் உடனே நிறுத்துங்கள், காற்று தீயை வளர்க்கும். கேஸ் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். வால்வை மூடிவிட்டு விலகி நில்லுங்கள். சூடு ஆறிய பிறகே சல்லடையைத் திறக்க வேண்டும்.

நமது கோரிக்கைகள்:

1. அலாரம் வேலை செய்யாத டிரையரை வாடகைக்கு விடத் தடை போடு!
2. பயிற்சி பெற்ற ஆளை மட்டும் இயந்திரத்தில் நிறுத்து!
3. அறுவடை தொடங்குமுன் பர்னரையும் சென்சாரையும் சோதித்துச் சான்று கொடு!
4. இயந்திரக் கோளாறில் நெல் கெட்டால் வாடகைக்கு விட்டவரே ஈடு கொடுக்கச் சட்டம் செய்!
5. கொள்முதல் நிலையங்களிலேயே அரசு செலவில் டிரையர் வை!

விளைய வைத்தவன் நாம். கருக வைத்தவன் தப்பிக்க விடமாட்டோம்!

ஒன்றுபடுவோம்! கேள்வி கேட்போம்! வெற்றி பெறுவோம்!