கணினியில் ஏறிய பொய்யும் தங்கவயல் ஓட்டுநரும்

‘கார் வைத்திருப்பவனின் இன்சூரன்ஸ் தகராறு நமக்கு எதற்கு?’ என்று தங்கவயல் கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கேள்வி தவறானது. அது ஏன் தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மத்திய அரசு மூடியது. சுரங்கத்தில் தந்தையும் பாட்டனும் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறார்கள். சிலர் கடன் வாங்கி ஒரு வண்டியை எடுத்து, மஞ்சள் பலகை மாட்டி ஓட்டுகிறார்கள். மாதத் தவணை தவறினால் வண்டி போய்விடும். பாட்டனுக்குக் கடப்பாரை எப்படியோ, பேரனுக்கு அந்தக் கார் அப்படி. அதில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் ஒருவன் நடுத்தர வர்க்கம் ஆகிவிடுவதில்லை.

அப்படிப்பட்ட ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வந்தார். சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் வளர்ந்தவர். ஐந்து ஆண்டுகளாக ஒரு விபத்தும் இல்லை, ஒரு ரூபாய் இழப்பீடும் கோரவில்லை. இழப்பீடு கோராதவர்களுக்கு, வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் சலுகை உண்டு. முதல் ஆண்டுக்குப் பின் 20 சதம். அது படிப்படியாக 25, 35, 45 என உயர்ந்து ஐந்து ஆண்டுகளில் 50 சதத்தைத் தொடும். ஒரே ஒரு இழப்பீடு பெற்றாலும் மீண்டும் பூஜ்யம். பிரீமியம் குறைவு என்று கேள்விப்பட்டு அவர் வேறொரு நிறுவனத்துக்கு மாறினார். ‘கடந்த ஆண்டு இழப்பீடு பெறவில்லை’ என்று உறுதிமொழி கொடுத்து 50 சதச் சலுகையையும் பெற்றார்.

ஏழு மாதம் கழித்துப் பங்காருப்பேட்டை சாலையில் ஒரு லாரி அவர் வண்டியின் பக்கவாட்டை நசுக்கியது. பழுதுபார்க்கும் செலவைக் கேட்டபோது புதிய நிறுவனம் கையை விரித்தது. பழைய நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் பெயரில் ஒரு விபத்து இழப்பீடு வழங்கப்பட்டிருக்கிறதாம். ஆகவே உறுதிமொழி பொய்யாம். சேதத்துக்கு ஒரு காசும் கிடையாதாம். இழந்தது சலுகை மட்டுமன்று; அவர் பொய்யர் என்றும் முத்திரை குத்தப்பட்டார்.

பழைய நிறுவனத்தின் தொலைபேசிக்குப் பதினோரு முறை அழைத்தார். ஒவ்வொரு முறையும் வேறு குரல், ஒரே பதில்: ‘சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.’

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு வழங்கப்பட்டது உண்மையானால், அது காகிதத்தில் தடம் விட்டிருக்கும். உரிமையாளர் கையொப்பமிட்ட கோரிக்கைப் படிவம் இருக்கும். வண்டியைப் பார்த்தவரின் அறிக்கை இருக்கும். பட்டறையின் பில் இருக்கும். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரம் இருக்கும். ‘நான் கோரவில்லை’ என்பதை ஓட்டுநர் எப்படி நிரூபிப்பார்? இல்லாத ஒன்றை எவராலும் நிரூபிக்க முடியாது. ‘கோரினார்’ என்று சொல்பவர்தான் காட்ட வேண்டும். ஆகவே அவரை அலைபேசியை வைத்துவிடச் சொன்னோம். அந்த நான்கு ஆவணங்களின் நகலைக் கேட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம்.

பதில் வர இருபத்தாறு நாள் ஆயிற்று. படிவத்தில் ஆங்கிலக் கையொப்பம் இருந்தது. நம்மவர் வங்கியிலும் தமிழில்தான் கையொப்பமிடுவார். பட்டறை பில் கோலாரில் போடப்பட்டிருந்தது. வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் இடை எழுத்துகளும் இவருடையதே. ஆனால் முன்னால் கேஏ 07 என்றிருந்தது. அது கோலார் பதிவு. தங்கவயலின் பதிவு கேஏ 08. எங்கோ ஒரு மேசையில் யாரோ 7-க்குப் பதில் 8-ஐத் தட்டியிருக்கிறார். அவ்வளவுதான்.

தட்டியவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் அநேகமாக ஒப்பந்த ஊழியர். நாளுக்கு இத்தனை கோப்பு முடிக்க வேண்டும் என்ற இலக்கின் கீழ் உழைப்பவர். இலக்கத்தைச் சரிபார்க்க வேண்டிய இரண்டாவது ஆள் எங்கே என்பதே என் கேள்வி. அந்த ஆளின் சம்பளம் லாபமாகிவிட்டது. புதிய நிறுவனமும் யோக்கியமன்று. சலுகை கொடுத்த 21 நாளுக்குள் பழைய நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது மோட்டார் கட்டண விதிகளின் 27ஆம் விதி. பிரீமியம் வாங்கிய ஏழு மாதமும் அவர்கள் கேட்கவில்லை. பணம் கொடுக்க வேண்டி வந்ததும் ஒரே வாரத்தில் கேட்டார்கள்.

‘தனியார் வந்தால் திறமை வரும், போட்டி வரும், வாடிக்கையாளர் ராஜாவாவார்’ என்று 1999இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது சொன்னார்கள். 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகளை நான்கு பொதுத்துறை நிறுவனங்களாகத் திரட்டிய தேசியமயத்தைச் சோம்பேறித்தனத்தின் கூடாரம் என்று ஏசினார்கள். அந்நிய மூலதன வரம்பு 26 சதமாகத் தொடங்கி, 2015இல் 49, 2021இல் 74 என ஏறியது. 2025 பட்ஜெட்டில் 100 சதம் என்று அறிவித்தார்கள். பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் அரசின் பங்கு 51 சதத்துக்குக் குறையக் கூடாது என்ற வேலியையும் 2021 ஆகஸ்டில் பிடுங்கி எறிந்தார்கள். ராஜாவாகியிருக்க வேண்டிய வாடிக்கையாளரோ பதினோரு முறை தொலைபேசியில் இசை கேட்டுக்கொண்டிருந்தார்.

பொதுத்துறையில் தவறே நடப்பதில்லை என்று எழுதினால் வாசகர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அங்கும் கோப்பு தொலையும், அதிகாரி எரிந்து விழுவார். ஆனால் போய் நிற்க ஒரு கவுண்டர் உண்டு, அதற்கு அப்பால் பெயருள்ள ஒரு மனிதர் உண்டு. 1951 முதல் போராடிவரும் அகில இந்திய இன்சூரன்ஸ் ஊழியர் சங்கத்தின் உறுப்பினர் ஒருவர் ‘எண்ணைச் சரிபார்க்கிறேன், இருங்கள்’ என்று சொல்லக்கூடிய வாய்ப்பு உண்டு. கிளைகளை மூடியும் இணைத்தும் அந்தக் கவுண்டரையும் இப்போது ஒழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கவயல் மக்களுக்கு ஆவணத்தின் அரசியல் புதிதன்று. 1930இல் சுரங்கத் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்த சான்று பெற வேண்டும் என்று விதி வந்தபோது, எழுத்தறியாத அந்தத் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்களைப் பற்றி முதலாளி வைத்திருக்கும் பதிவேடு தங்களுக்கு எதிராகவே திறக்கப்படும் என்பதை அவர்கள் படிக்காமலே அறிந்திருந்தார்கள். இன்று கைரேகைக்குப் பதில் பாலிசி எண். எவருடைய கையில் பதிவேடு இருக்கிறதோ அவருடைய பிழையும் உண்மையாகிவிடுகிறது. கையில் இல்லாதவரின் உண்மை, பொய்யாகிவிடுகிறது.

இந்த இடத்தில் தொழிற்சங்கத் தோழர்கள் சிலரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. ‘வக்கீலைப் பார்’ என்று ஒரு வரியில் அனுப்பிவிடுகிறீர்கள். வக்கீல் கட்டணம், கேட்கும் இழப்பீட்டில் பாதியைத் தின்றுவிடும். நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் சொல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ பெங்களூரிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிராகரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதே முக்கியம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதத் தெரிந்த ஒரு தோழரும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் போதும். கிளையில் அப்படி ஒருவர்கூட இல்லை என்றால், அதுவே நாம் விவாதிக்க வேண்டிய அமைப்புப் பிரச்சினை.

நம் ஓட்டுநரின் கதை இன்னும் முடியவில்லை. பழைய நிறுவனம் ‘எழுத்தர் பிழை’ என்று ஒப்புக்கொண்டு கடிதம் தந்துவிட்டது. வருத்தம் என்ற சொல் அதில் இல்லை. அந்தக் கடிதத்தை இணைத்துப் புதிய நிறுவனத்துக்கு எழுதினோம். ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்கிறார்கள். வண்டி பட்டறையில் நிற்கிறது. மூன்று தவணை பாக்கி. அவர் இப்போது இன்னொருவர் வண்டியை இரவில் வாடகைக்கு ஓட்டுகிறார். குறைதீர்ப்பாளருக்கான மனு தயாராகிவிட்டது. வரும் திங்களன்று காலை மாரிக்குப்பம் ரயிலில் இரண்டு தோழர்கள் அவருடன் போகிறார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்ட தோழரும் அவர்களில் ஒருவர்.