உட்கார ஓர் இடம்

எங்கள் தெருமுனைப் பூங்காவைச் சீரமைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் அதில் உட்காரலாம். இப்போது பார்க்கலாம், அவ்வளவுதான்.

முன்னேற்றத்தைக் கண்டால் முகம் சுளிக்கிறவன் என்று வாசகர்கள் என்னை எண்ணிவிட வேண்டாம். பழைய பூங்கா ஒன்றும் நந்தவனம் அல்ல. புழுதி, உடைந்த சறுக்குமரம், மூலையில் குப்பை, எல்லாம் வாஸ்தவம். ஆனால் நடுவே ஒரு புங்கமரமும் அதன் நிழலில் ஒரு கல்பெஞ்சும் இருந்தன. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பத்து மணிக்குப் பத்திரிகையோடு வந்து உட்காருவார். வீட்டில் இரண்டே அறை, ஏழு பேர். பகலில் அவருக்கென்று இருந்த தனியறை அந்தப் பெஞ்சுதான்.

பல மாதம் பூட்டிவைத்துவிட்டுத் திறந்தார்கள். வழவழவென்று ஓடு பதித்த நடைபாதை, வண்ண விளக்குகள், ஒரு நீரூற்று, "செய்யாதே" என்று பன்னிரண்டு கட்டளைகள் எழுதிய பலகை. கல்பெஞ்சைக் காணோம். பளபளக்கும் ஸ்டீல் பெஞ்சுகள் வெயிலில் வரிசையாக நிற்கின்றன. காலை பத்து மணிக்குப் பூட்டினால் மாலை நாலு மணிக்குத்தான் கதவு திறக்கும்.

"திறந்திருந்தாலும் என்ன ஸார், அதிலே உட்காரவா முடியும்? தோசைதான் வார்க்கலாம்" என்றார் தபால்காரர். இப்போது அவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார். எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லை.

புங்கமரம் இருக்கிறது. ஆனால் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு பூசிவிட்டார்கள். வேருக்கும் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும். டில்லியில் இந்த அநியாயம் முற்றிப்போய், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டைப் பெயர்த்தெடுங்கள் என்று 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியிருந்தது. மரம் மூச்சுவிடக்கூட ஒரு வழக்கு!

"திறந்து போட்டால் சூதாடிகளும் குடிகாரர்களும் புகுந்துவிடுவார்கள், அதனால்தான் பூட்டு" என்கிறார்கள். நியூயார்க் நகரத்தின் பொது நூலகத்துக்குப் பின்னால் பிரயண்ட் பூங்கா இருக்கிறது. தெருவைவிட உயரமாக, இரும்புக் கிராதியும் செடிவேலியுமாக அதை அடைத்து வைத்திருந்தார்கள். 1970-களில் அது போதைமருந்து விற்பவர்களின் கூடாரமாகிவிட்டது. பொது இடங்களில் ஜனங்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று வருஷக்கணக்காகக் கவனித்துவந்த வில்லியம் ஒயிட் என்ற எழுத்தாளர் அதையும் ஆராய்ந்தார். வேலிதான் கள்ளனுக்குக் காவலாக இருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. 1988-இல் மூடிய பூங்காவை 1992-இல் திறந்தபோது செடிவேலியை எடுத்திருந்தார்கள், வாசல்களை அகலப்படுத்தியிருந்தார்கள், இஷ்டம்போல் நகர்த்திக்கொள்ள நூற்றுக்கணக்கான நாற்காலிகள் போட்டிருந்தார்கள். காவலும் துப்புரவும் உண்டு. ஆனால் ஜனங்களை விரட்டுவதற்காக அல்ல. உட்காரும் முன்பு நாற்காலியைச் சற்றே நகர்த்திப் போட்டுக்கொள்வது மனித சுபாவம் என்பதையும் ஒயிட் கவனித்திருந்தார். கதை எழுதுகிறவன் பொறாமைப்பட வேண்டிய கண்!

நம்முடைய வரைபடக்காரர்களுக்கு அந்தக் கண் இல்லை. திறப்பு விழாப் புகைப்படத்தில் எது நன்றாக விழும் என்றுதான் அவர்கள் யோசிக்கிறார்கள். பென்சிலைத் தொடுமுன் மூன்று நாள் அந்தப் பூங்காவில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். யார் வருகிறார்கள், எந்த நிழலைத் தேடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நான் கேட்பது அதிகமில்லை. பகலில் கதவைத் திறந்து வையுங்கள். மரத்தைச் சுற்றியுள்ள சிமெண்டை உடையுங்கள். எந்தக் கிடங்கில் கிடக்கிறதோ, அந்தக் கல்பெஞ்சைக் கொண்டுவந்து பழைய இடத்தில் போடுங்கள்.

நீரூற்று வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும்.