ஆறு ஊர், ஒரே காரியாலயம்

ஜவ்வாது மலை என்றதும் சந்தன மரமும் தேனும் சாமையும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்த மலையின்மேல், காவலூர் என்னும் சிற்றூரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் வானத்தை ஆராயும் பெரிய நோக்குச் சாலை ஒன்றும் இருக்கிறது. 1968-ல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு தொலைநோக்கியோடு அங்கே வேலை ஆரம்பமாயிற்று. 1986-ல் நம் நாட்டிலேயே செய்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. அந்தச் சாலைக்கும் தொலைநோக்கிக்கும், இவ்வளவுக்கும் மூல புருஷரான வைணு பாப்புவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

நாம் இன்று சொல்ல வந்தது நட்சத்திரங்களைப் பற்றியல்ல. காவலூர் ஒரு பெரிய ஸ்தாபனத்தின் ஓர் அங்கம் மாத்திரமே. இந்திய வான் இயற்பியல் நிலையம் என்ற அந்த ஸ்தாபனத்தின் தலைமைக் காரியாலயம் பெங்களூரில் இருக்கிறது. மற்ற அங்கங்கள் கோடைக்கானல், கௌரிபிதனூர், ஹொசகோட்டை, லடாக்கின் ஹான்லே ஆகிய இடங்களில் இருக்கின்றன. ஹான்லே சுமார் 4500 மீட்டர் உயரம். குளிரும் மூச்சுத் திணறலும் உள்ள அவ்விடத்துத் தொலைநோக்கியை, ஹொசகோட்டையில் இருந்தபடியே செயற்கைக் கோள் வழியாக இயக்குகிறார்கள்! ஆறு ஊர்களில் சிதறிக் கிடப்பது ஒரே காரியாலயமாக நடப்பது எப்படி? வங்கிகளுக்கும் மில்களுக்கும் சர்க்கார் இலாகாக்களுக்கும் பொதுவான கேள்வி இது. டெலிபோனைக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

ஒரு காரியாலயத்தில் நாற்பது மேஜைகள் இருந்தால் நாற்பது வெளி லயன்கள் வேண்டுமா? வேண்டியதில்லை. கட்டிடத்துக்குள் ஒரு சிறு இணைப்பு யந்திரத்தை வைக்கிறார்கள். அதற்குப் ‘பி.பி.எக்ஸ்.’ என்று பெயர். மேஜைகளிலுள்ள எக்ஸ்டென்ஷன்கள் அதன் மூலம் ஒன்றோடொன்று பேசும். வெளியே பேசுவதற்குச் சில லயன்களே போதும். இரண்டு ஊர்களில் உள்ள இத்தகைய யந்திரங்களைத் தனி லயனால் பிணைத்துவிட்டால் அதுவே ‘டை லைன்’. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் இலக்கத்தை ஒதுக்கிவிட்டால் போதும். அந்த இலக்கத்தையும் எக்ஸ்டென்ஷன் எண்ணையும் அழுத்தியவுடன், நூற்றைம்பது மைலுக்கு அப்பால் உள்ள மேஜையும் அடுத்த அறை மேஜை போல் ஆகிவிடுகிறது.

எத்தனை லயன் போதும் என்பதற்கும் கணக்கு உண்டு. கோபன்ஹேகனைச் சேர்ந்த எர்லாங் என்ற கணித நிபுணர் 1909-லிருந்து 1917-க்குள் அதை வகுத்தார். வேலை மும்முரமான ஒரு மணியில் நாற்பது அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 நிமிஷம். அதாவது எப்போதும் சராசரியாக இரண்டு லயன்களில் பேச்சு நடக்கிறது. ஆனால் அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லையே! ஐந்து லயன் வைத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு அழைப்புகள் இடமின்றித் திரும்பும். ஆறு வைத்தால் ஒன்றுதான் திரும்பும். இப்படி இரண்டு காரியாலயங்கள் தனித்தனியே பன்னிரண்டு லயன் வைத்திருக்கின்றன. இரண்டையும் பிணைத்து லயன்களைப் பொதுவாக்கினால் ஒன்பதே அதே சௌகரியத்தை அளிக்கும். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பதற்கு எர்லாங் கணக்கே போட்டுக் காட்டிவிட்டார்!

இக்காலத்தில் தனிக் கம்பிகூட அவசியமில்லை. குரலை விநாடிக்கு 8000 முறை அளந்து, எண்களாக்கி, சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, கடிதங்களும் கணக்குகளும் செல்லும் அதே இன்டர்நெட் வழியில் அனுப்பிவிடுகிறார்கள். மறு முனையில் பொட்டலத்தைப் பிரித்தால் மறுபடியும் குரல். செலவு குறைவு, ஊர் எத்தனை கூடினாலும் கவலையில்லை.

ஆயினும் குறை இல்லாமலில்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக் கோள் வழியாகப் பேசினால், கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் அரை விநாடி கழிகிறது. இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கித் திண்டாடுகிறார்கள். இதை விடப் பெரிய குறை வேறொன்று. பழைய டெலிபோனுக்கு வேண்டிய மின்சாரம் கம்பி வழியே எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசிற்று. புதிய கருவிக்கு அந்தந்த இடத்திலேயே மின்சாரம் வேண்டும். புயலில் மரம் விழுந்து மின்சாரம் நின்றால் பேச்சும் நிற்கும். ஆகையால் மலைமேல் உள்ள காரியாலயம் எதுவாயினும், பாட்டரியும் வேறு வழியிலான இரண்டாவது இணைப்பும் வைத்திருப்பதே விவேகம்.

இவையெல்லாம் உத்தியோகஸ்தர்களின் சௌகரியத்துக்காக மட்டுந்தானா? ஜவ்வாது மலை ஒன்றே. அதன் நிர்வாகமோ திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்ற மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. தலைமைக் காரியாலயங்கள் மூன்றும் கீழே சமவெளியில் இருக்கின்றன. அங்கே வாழும் மலையாளிகள் என்ற பழங்குடி மக்களுக்கு மலை முழுவதும் ஒரே ஊர்தான். எல்லைக் கோடு தாசில்தாரின் படத்தில் மட்டுமே தெரியும். ஜாதிச் சான்றுக்கோ பட்டாவுக்கோ ஒருவர் ஒரு காரியாலயத்துக்குப் போகிறார். “இது எங்கள் எல்லை அல்ல, அங்கே போய்க் கேளும்” என்ற பதில் கிடைத்தால், அந்த ஒரு வாக்கியத்தின் விலை ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும். பாம்பு கடித்தவனை வைத்துக்கொண்டு வைத்திய சாலையைத் தேடுகிறவனுக்கோ, அதன் விலை உயிர்.

பிணைத்த டெலிபோனில் எக்ஸ்டென்ஷனை மாற்றிக் கொடுப்பது ஒரு கணத்துக் காரியம். தவறான இடத்துக்கு வந்த குரலைச் சரியான மேஜைக்கு அனுப்பலாம். ஆள் அலைய வேண்டியதில்லை. மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள், பள்ளிக்கூடங்கள், வனச் சாவடிகள், மூன்று மாவட்டத் தலைமைக் காரியாலயங்கள் ஆகிய யாவற்றையும் ஒரே எண் வரிசையில் பிணைத்து, மலைவாசிகளுக்கென்று ஒரே பொது எண்ணை அறிவித்தால் என்ன? இதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1984-ல் சர்க்கார் நிறுவிய ‘சி-டாட்’ ஸ்தாபனம், கிராமங்களின் வெயிலையும் தூசியையும் தாங்கும் எக்ஸ்சேஞ்சை நம் நாட்டிலேயே செய்து காட்டி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆனால் கம்பியும் யந்திரமும் பாதி வேலையைத்தான் செய்யும். மணி அடித்தால் எடுப்பவர் வேண்டும். எடுத்தவர், தம் எல்லை அல்லவென்று வைத்துவிடாமல், உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். ஹான்லேயின் தொலைநோக்கியை ஹொசகோட்டையில் இருந்து திருப்ப முடிகிற தேசத்தில், மலைமேல் உள்ள ஒரு தாயின் குரலைத் திருப்பத்தூர் வரை கொண்டு சேர்ப்பது அசாத்தியமா என்ன?