'சாப்பிட்டாச்சு' சரி... யாரு? கொரிய மொழியில் காணாமல்போகும் ஆளைத் தேடும் ஏ.ஐ!

கே-டிராமா ஓடும் வீடுகளில் 'சராங்ஹே' என்ற வார்த்தைக்கு யாரும் அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனையாவது எபிசோடிலோ, மழையிலோ பனியிலோ நின்றுகொண்டு ஹீரோ அதைச் சொல்லிவிடுவார். கீழே சப்டைட்டிலில் 'ஐ லவ் யூ' என்று வரும். ஆனால் அந்தக் கொரிய வார்த்தைக்குள் 'ஐ'யும் கிடையாது, 'யூ'வும் கிடையாது. காதலிப்பது என்ற செயல் மட்டும்தான் இருக்கிறது. யார், யாரை என்பதெல்லாம் பார்ப்பவர் பாடு.

மழையில் இரண்டே பேர் நிற்கும்போது இதில் ஒரு குழப்பமும் வராது. படத்தை எடுத்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால்தான் சிக்கல். 'போனாயிற்று, பார்த்தாயிற்று, சொல்லியாயிற்று' என்று வரிசையாக வந்தால் போனது யார், பார்த்தது யாரை, சொன்னது யாரிடம்? கொரிய மொழியைக் கையாளும் மென்பொருள்கள் பல ஆண்டுகளாகத் திணறிக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியில்தான்.

தமிழிலும் 'நான்', 'நீ'யை விட்டுவிட்டுத்தானே பேசுகிறோம் என்று தோன்றலாம். உண்மைதான். ஆனால் தமிழில் ஆளை விட்டாலும் வினையின் வால் காட்டிக்கொடுத்துவிடும். 'வந்தாள்' என்றால் ஒரு பெண், 'வந்தேன்' என்றால் பேசுபவர், 'வந்தாங்க' என்றால் மரியாதைக்குரியவர் அல்லது பலர். கொரிய மொழியில் இந்த வால் கிடையாது. 'வாஸ்ஸோ' என்றால் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது எல்லாம்தான்.

தமிழில் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. 'சாப்பிட்டாச்சு', 'போயாச்சு', 'சொல்லியாச்சு'. இவற்றில் ஆள் தெரியாது. புதிதாகக் கல்யாணமான வீட்டில் மாமியாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாத மருமகள் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டுத் தப்பிப்பது இதனால்தான். நீயா, நீங்களா என்ற வம்பே வராது. கொரிய மொழியை ஓரளவு கற்பனை செய்ய வேண்டுமென்றால், எல்லா வினைகளுமே இந்த 'ஆச்சு' போல இருக்கும் ஒரு மொழி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் நலம் விசாரிப்பது 'பப் மொகொஸ்ஸோ?' என்றுதான். அதாவது, 'சோறு சாப்பிட்டாச்சா?'

வம்பைத் தவிர்க்கும் வழக்கம் அங்கே இன்னும் ஆழமானது. 'நோ' என்ற 'நீ'யை நண்பர்களிடமும் வயதில் இளையவர்களிடமும்தான் சொல்லலாம். 'தங்ஷின்' என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதைக் கணவன் மனைவி சொல்லிக்கொண்டால் அன்பு, தெருவில் சண்டையில் சொன்னால் வசவு. அதனால் முறை சொல்லியோ பதவி சொல்லியோ கூப்பிடுகிறார்கள்; இல்லாவிட்டால் எதுவும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். முறை சொன்னாலும் நிம்மதி இல்லை. 'ஓப்பா' என்பது ஒரு பெண் தன் அண்ணனையோ, நெருக்கமான மூத்த ஆணையோ கூப்பிடும் சொல். அதே ஆண், தன்னைப் பற்றியே 'ஓப்பா வாங்கியது' என்று சொல்லுவார். நம்மூர் அப்பாக்கள் 'அப்பா வாங்கித் தர்றேன்டா' என்பதுபோலத்தான். ஆனால் அந்த 'தர்றேன்' இருப்பதால் தமிழில் பேசுவது அப்பாவேதான் என்று தெரிந்துவிடுகிறது. கொரிய மொழியில் வாங்கியது பேசுபவரா, வேறொரு அண்ணனா என்பதைச் சூழலை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கட்டுரையில் 'அவர்', 'அந்த நிறுவனம்', 'மேற்படியார்' என்றெல்லாம் வருவது யாரைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சி ஆங்கிலத்தில்தான் முதலில் சூடு பிடித்தது. 1978-ல் ஜெர்ரி ஹாப்ஸ் என்ற ஆய்வாளர், வாக்கியத்தின் அமைப்பை ஒரு மரம்போல வரைந்து, எந்தக் கிளையில் ஏறி எந்தக் கிளையில் இறங்கித் தேட வேண்டும் என்று விதிகள் எழுதினார். 2001-ல் சிங்கப்பூரைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் விதிகளை மனிதர்கள் எழுதுவதற்குப் பதில், உதாரணங்களைக் காட்டி இயந்திரத்தையே கற்க வைத்தார்கள். இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டு 12 கேள்விகள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்? இரண்டும் ஒருமையா? இரண்டும் ஆணா, பெண்ணா? இப்படி.

இந்தக் கேள்விகளைக் கொரிய மொழியிடம் கொண்டுபோனால் பாதி செல்லாது. அங்கே பெயர்ச்சொல்லில் ஒருமை பன்மையைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இலக்கணத்தில் ஆண்பால் பெண்பால் இல்லை. 'அவள்' என்பதற்கு எழுத்தில் வரும் 'குன்யோ' என்ற சொல்லே 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தாளர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. இன்றும் பேச்சில் அது அபூர்வம். எல்லாவற்றுக்கும் மேலே, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சொல்லே அங்கே இருக்காது. 'அவர்' என்று எழுதியிருந்தால்தானே 'எந்த அவர்?' என்று கேட்க முடியும்?

அதனால் கொரிய மொழியில் வேலை ஒரு படி முன்னால் தொடங்குகிறது. முதலில், இங்கே ஒரு ஆள் விடுபட்டிருக்கிறார் என்று இயந்திரம் கவனிக்க வேண்டும். 'சாப்பிடு' என்றால் சாப்பிடுபவர் ஒருவர், சாப்பிடப்படும் பொருள் ஒன்று. 'கொடு' என்றால் கொடுப்பவர், பொருள், பெறுபவர் என மூன்று நாற்காலிகள். எது காலி என்று பார்த்த பிறகுதான் யாரை உட்கார வைப்பது என்ற கேள்வி. முந்தைய வாக்கியங்களில் வந்த பெயர்கள் எல்லாம் வேட்பாளர்கள். பேசுபவரும் கேட்பவரும்கூட வேட்பாளர்கள், அவர்கள் பெயர் எங்குமே எழுதப்படாவிட்டாலும். சில நேரம் அந்த நாற்காலி யாருக்கும் இல்லை. 'பொதுவாக மனிதர்கள்' என்று விட்டுவிட வேண்டும்.

துப்புகளே இல்லாமல் இல்லை. பெயர்ச்சொல்லோடு ஒட்டிவரும் 'நுன்' என்ற உருபு, 'இனி பேச்சு இவரைப் பற்றித்தான்' என்று அறிவிக்கும். அப்படி அறிவிக்கப்பட்டவர்தான் அடுத்தடுத்த வாக்கியங்களில் பெரும்பாலும் காணாமல்போவார். எல்லோருக்கும் தெரிந்தவரை மறுபடி மறுபடி சொல்வானேன் என்ற கணக்கு. பேச்சின் மையத்தில் யார் நிற்கிறார் என்பதை வாக்கியத்துக்கு வாக்கியம் பின்தொடரும் கோட்பாடு ஒன்றை, புனேயில் பிறந்து அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அரவிந்த் ஜோஷி, பார்பரா கிராஸ், ஸ்காட் வைன்ஸ்டைன் ஆகியோருடன் சேர்ந்து 1995-ல் விரிவாக எழுதினார். அதே பல்கலைக்கழகத்தில் 2006-ல் நா-ரே ஹான் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வை முழுக்க முழுக்கக் கொரிய மொழியின் இந்த 'எழுதப்படாத சொற்கள்' மீதே செய்தார்.

இன்னொரு பெரிய துப்பு, மரியாதை. பேரன் சாப்பிட்டால் 'மொகொத்தா'. பாட்டி சாப்பிட்டால் வினையே வேறு, 'தூஷியோத்தா'. நடுவில் அந்த 'ஷி' வந்துவிட்டால் சாப்பிட்டது சின்னப் பையன் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் செய்தித்தாள்கள் பொதுவாக யாருக்கும் இந்த 'ஷி' போடுவதில்லை. செய்திகளைப் படித்துப் பழகிய இயந்திரத்துக்கு வீட்டுப் பேச்சின் மரியாதை தெரியாது. வீட்டுப் பேச்சில் பழகியது செய்தியில் துப்பு இல்லாமல் நிற்கும்.

கலைக்களஞ்சியங்கள் வேறு விதம். தலைப்பில் ஒருவர் பெயர் இருந்தால் போதும். பிறந்தது, படித்தது, போருக்குப் போனது என்று கட்டுரை பாட்டுக்கு ஓடும், பெயர் திரும்ப வராது. தேஜோன் நகரிலுள்ள அரசு ஆய்வு நிறுவனமான 'எட்ரி'யின் தலைமையில் உருவான 'எக்ஸோபிரெய்ன்' என்ற மென்பொருள், 2016-ல் 'ஜாங்ஹக் குவிஸ்' என்ற பிரபல வினாடி வினா நிகழ்ச்சியில் மனிதப் போட்டியாளர்களைத் தோற்கடித்தது. இப்படிப்பட்ட வினாடி வினாவில் பதில் சொல்ல, கட்டுரைக்குள் இருக்கும் காலி நாற்காலிகளை முதலில் நிரப்பியாக வேண்டும். 'எந்த ஆண்டு போருக்குப் போனார்?' என்பதற்குப் பதில் இருக்கும் வாக்கியத்தில் போனவர் பெயரே இருக்காதே.

நிரப்பக் கற்றுக்கொடுக்க, நிரப்பிய உதாரணங்கள் வேண்டும். யாராவது உட்கார்ந்து, வாக்கியம் வாக்கியமாகப் படித்து, இங்கே விடுபட்டது இவர் என்று குறிக்க வேண்டும். தென்கொரியாவின் தேசிய மொழி நிறுவனம் 2020 முதல் வெளியிட்டுவரும் மாபெரும் சொல்தொகுப்பில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அலுப்பூட்டும் வேலைதான். ஏ.ஐ பற்றிய பரபரப்புச் செய்திகளில் இந்த வேலை இடம்பெறுவதில்லை. ஆனால் அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால், இயந்திரம் சரியாக நிரப்புகிறதா என்று சோதித்துப் பார்க்கக்கூட வழியில்லை.

இயந்திரம் மட்டும்தான் தடுக்கி விழுகிறது என்றும் சொல்ல முடியாது. 2024-ல் நோபல் பரிசு பெற்ற ஹான் காங்கின் 'தி வெஜிடேரியன்' நாவல், டெபோரா ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2016-ல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசை வென்றது. பிறகு கொரிய விமர்சகர்கள் மூலத்தோடு வைத்துப் படித்து, சில இடங்களில் வாக்கியத்தின் எழுவாயே மாறிவிட்டது, ஒருவருக்குரியது இன்னொருவர் பெயரில் போய்விட்டது என்று சுட்டிக்காட்டினார்கள். கொரியாவில் அது பெரிய விவாதமானது. பரிசு வென்ற மொழிபெயர்ப்பிலேயே இந்தப் பள்ளம் இருக்கிறது என்றால், ஒரு நொடியில் பதில் சொல்லும் ஆப்பை என்ன சொல்ல?

ஆப் செய்யும் தவறில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. துப்பு கிடைக்காதபோது, அதுவரை படித்த கோடிக்கணக்கான வாக்கியங்களில் எது அதிகம் வந்ததோ அதை வைத்து நிரப்பும். 'க்யே' என்று கொரிய மொழியில் ஒரு பேச்சுவழக்குச் சொல் இருக்கிறது. அவனுக்கும் அதுதான், அவளுக்கும் அதுதான். சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் இப்படிப்பட்ட பால் காட்டாத சொற்களை வைத்து வாக்கியங்கள் அமைத்து கூகுள், பாப்பகோ, காகோ ஆகிய மூன்று மொழிபெயர்ப்புச் சேவைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தொழிலையும் குணத்தையும் பொறுத்து ஆண், பெண் என்று சேவைகள் ஒரு பக்கம் சாய்வதை அளந்து காட்டினார்கள். மூலத்தில் யாரும் சொல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பு சொல்லிவிடுகிறது. படிப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

தமிழுக்கு மாற்றும்போது இது இரட்டிப்பாகும். ஆங்கிலத்தில் 'கேம்' என்று எழுதிவிட்டு ஆளை மட்டும் யோசித்தால் போதும். தமிழில் வினைக்கு வினை வால் வைத்தாக வேண்டும். தேனா, தாயா, தானா, தாளா, தாரா? மூலத்தில் இல்லாத ஆள், பால், மரியாதை மூன்றையும் ஒவ்வொரு வாக்கியத்திலும் பந்தயம் கட்டித்தான் எழுத வேண்டும்.

இது சீரியல் பார்ப்பவர்களின் கவலை மட்டும் இல்லை. தென்கொரியா 2004 முதல் வேலை அனுமதித் திட்டம் மூலம் வெளிநாட்டினரைத் தொழிற்சாலை, பண்ணை, மீன்பிடி வேலைகளுக்கு எடுக்கிறது. இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. போவதற்கு முன் கொரிய மொழித் தேர்வு எழுதித்தான் போகிறார்கள். ஆனால் தேர்வுப் புத்தகத்தின் வாக்கியம் வேறு, முதலாளியின் மெசேஜ் வேறு. ராத்திரி 10 மணிக்கு 'நேயில் ஷ்வியோயோ' என்று ஒரே வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நேயில்' என்றால் நாளை. 'ஷ்வியோயோ' என்றால் ஓய்வு. நாளைக்கு நான் இல்லை என்கிறாரா? கம்பெனிக்கே விடுமுறை என்கிறாரா? நீ லீவு எடுத்துக்கொள் என்கிறாரா? கேள்விக்குறி போட மறந்துவிட்டு 'நாளைக்கு லீவா?' என்று கேட்கிறாரா? அந்த 'யோ' விகுதியில் நான்குமே ஒரே எழுத்துதான். குரலில் வித்தியாசம் தெரியும், மெசேஜில் தெரியாது. ஆப் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். அது தவறான ஒன்றாக இருந்தால், ஒரு நாள் சம்பளம் போகும் அல்லது பூட்டிய கேட் முன்னால் நிற்க வேண்டிவரும்.

இன்றைய பெரிய மொழி மாடல்கள் முன்னைவிட எவ்வளவோ தேறியிருக்கின்றன. நீளமான உரையாடல் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்ப்பதால், பத்து வரிக்கு முன்னால் போனவரைப் பிடித்து இழுத்துவர முடிகிறது. ஆனால் ஒற்றை வரியை மட்டும் வெட்டி ஒட்டினால் எந்த மாடலாலும் இல்லாத சூழலைப் பார்க்க முடியாது. முந்தைய நாலைந்து மெசேஜ்களையும் சேர்த்து ஒட்டுங்கள். யார் யாருக்கு அனுப்பியது என்று ஒரு வரி எழுதுங்கள். சாட்பாட் என்றால், 'இதில் ஆள் யார், வேறு யாராகவும் இருக்கலாமா?' என்று கேட்டால் மற்ற சாத்தியங்களையும் சொல்லும். மொழிபெயர்ப்பு ஆப்கள் கேட்காமலே இதைச் செய்ய வேண்டும். சந்தேகம் இருக்கும் இடத்தில் ஒரே பதிலை அழுத்தமாகக் காட்டுவதைவிட இரண்டையும் காட்டுவதே நேர்மை.

அதற்குள் அவசரம் என்றால், கொரியர்களே தங்களுக்குள் புரியாதபோது கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. முதலாளிக்குத் திருப்பி அனுப்பலாம், மரியாதைக் குறைவும் இல்லை: 'ஜோயோ?' அர்த்தம், 'நானா?'