குஞ்ஞப்பனும் குட்டப்பாவும்

இயக்குநர் கே. எஸ். இரவிகுமாரின் படமென்றால் கேள்வி கேளாமல் கொட்டகைக்குள் நுழையும் கூட்டத்தில் நானும் ஒருவன். 'நாட்டாமை'யையும் 'படையப்பா'வையும் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு வைத்ததில்லை. கலையறிந்தோர் சிலர் அவரை வணிகப் பட இயக்குநர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். ஒதுக்கட்டும், அவர்களுக்கு விடை சொல்வது இன்று என் வேலையன்று. என் மனக்குறை வேறு. அது 'கூகுள் குட்டப்பா'வைப் பற்றியது.

திருவனந்தபுரத்தில் படிக்கும் தமிழ் மாணவனுக்கு ஒரு வசதி உண்டு, தொல்லையும் அதுவே. முதல்நூலையும் வழிநூலையும் எவர் துணையுமின்றி அவன் பார்த்துவிடுகிறான். 2019 நவம்பரில் வெளிவந்த மலையாளப் படம் 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்'. இரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாள் இயக்கிய முதற்படம் அது. 2022 மே மாதம் அது 'கூகுள் குட்டப்பா'வாகத் தமிழுக்கு வந்தது. இயக்கியவர்கள் இரவிகுமாரின் உதவியாளர்களான சபரியும் சரவணனும். தயாரித்து, கிழவராக நடித்தவர் இரவிகுமாரே. ஆதலால் வழக்கை அவர் வாசலுக்கே கொண்டு செல்கிறேன்.

விஞ்ஞானக் கதையென்றதும் விண்கலமும் வேற்றுலகும் நினைவுக்கு வரும். குஞ்ஞப்பனில் இவை எவையும் இல்லை. கண்ணூர் மாவட்டத்துப் பய்யன்னூரில் ஒரு பிடிவாதக் கிழவர். வீட்டுக்குள் மின்கருவிகள் நுழைவதே அவருக்குப் பிடிக்காது. மகன் வேலைக்காக உருசியா செல்கிறான். தந்தைக்குத் துணையாக ஓர் இயந்திர மனிதனைக் கொண்டுவந்து விடுகிறான். முதலில் வெறுத்த கிழவர், நாளடைவில் அதற்கு உடை உடுத்தி மகனாகவே கொண்டாடுகிறார்.

இக்கதை ஏன் நெஞ்சைத் தொடுகிறது? 2018ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 21 இலட்சம் கேரளத்தார் வெளிநாடுகளில் இருந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் முதியோர் தனித்திருக்கின்றனர். மகன் இல்லாத அந்த நாற்காலியில் இயந்திரம் வந்து அமர்கிறது. கிழவராக நடித்தவர் நம் மாவட்டத்துச் சுராஜ் வெஞ்ஞாறமூடு. அப்போது அவர் வயது நாற்பதுகளில்தான். திருவனந்தபுரப் பேச்சால் புகழ்பெற்ற அவர், அதை மறந்து வடகேரளத்து முதியவராகவே மாறிவிட்டார். அவ்வாண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருது, 'விக்ருதி' படத்துக்கும் சேர்த்து, அவருக்குக் கிடைத்தது.

குட்டப்பாவில் என்ன கண்டேன்? அதே கதை, அதே வரிசை, அதே திருப்பங்கள். தமிழ்நாட்டுக் கிழவரின் தனிமை எத்தகையது? அவர் மகன் ஏன் ஊரை விட்டுப் போகிறான்? இயந்திரத்தைக் கண்டால் நம் ஊர்த் திண்ணை என்ன பேசும்? இவற்றைப் படம் கேட்கவேயில்லை. வாழைக் கன்றை வேர்மண் இல்லாமல் பிடுங்கி வந்து நட்டதுபோல் இருந்தது.

மாற்றாமல் எடுப்பதே மூலத்துக்குச் செய்யும் மரியாதை அன்றோ என்று கேட்பர். நான் இரவிகுமாரையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1994இல் பிரியதர்சன் இயக்கிய 'தேன்மாவின் கொம்பத்து'தான் மறு ஆண்டு இவர் கையில் 'முத்து' ஆயிற்று. மூலத்தில் நாயகனும் நாயகியும் வழி தவறிப் போய்ச் சேர்வது கன்னடம் பேசும் ஊருக்கு. தமிழில் அவர்கள் கேரளத்துக்கு அல்லவா வந்து சேர்ந்தார்கள்! வேலைக்காரனே சொத்துக்கு உரியவன் என்ற கிளைக்கதையும் இவர் பக்கம் வந்து சேர்ந்ததே. அந்தத் துணிவு கண்டுதான் நான் அவருக்கு அடிமையானேன். அந்தப் படத்தை 1998இல் சப்பானியர்கூடக் கொண்டாடினார்கள்.

தமிழ் இரசிகனுக்கு இயந்திரம் புதிதும் அன்று. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை நாம் கொஞ்சி மகிழ்ந்திருக்கிறோம். 2010இல் 'எந்திரன்' பார்த்திருக்கிறோம். இத்தனை முன்னோர் இருந்தும் குட்டப்பாவுக்குத் தமிழில் உறவென்று ஒருவரும் இல்லாமற் போயினர்.

இரவிகுமாரின் நடிப்பைப் பழிக்க மனம் வரவில்லை. சிடுசிடுப்பு அவருக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் அவரிடம் நான் தேடிச் சென்றது நடிகரையா?

என் மலையாள நண்பன் ஒருவனை அமர்த்தி முன்பு 'முத்து'வைக் காட்டினேன். "இது எங்கள் கதையா!" என்று வியந்து, மீண்டும் ஒருமுறை போடச் சொன்னான். குட்டப்பாவையும் காட்டினேன். இடைவேளைக்கு முன்பே கைப்பேசியை எடுத்துக்கொண்டான்.